மூன்று துளையில் எது உப்பு

1976 மார்ச் 12, வெள்ளி. இரவு.

கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அடியில் பக்கவாட்டில் போட்ட மூன்று துளைகளில் எது காரணம் என்று பார்க்க, போர் போட்ட மேஸ்திரி துளைக்கொரு சொம்பு தண்ணீர் பிடித்து வைத்தார். இரண்டாவது சொம்பை நான் ருசி பார்த்தேன். இளநீர் மாதிரி இனித்தது. மேஸ்திரி முகம் கோணட்டுமென்று அதில் ஒரு பிடி உப்பைப் போட்டேன்.

முதல் சொம்பு நல்ல தண்ணீர் என்றவர், இரண்டாவதைக் குடித்தார். முகம் கோணவில்லை. "இதுதானுங்க," என்றார். மூன்றாவதைத் தொடவே இல்லை.

"நீயும் குடிச்சுப் பாருடா," என்று அப்பா நீட்டினார்.

"உப்புத்தானுங்கப்பா," என்றேன்.

சிமெண்டு வைத்து நல்ல துளையை அடைத்தார்கள். கூடவே என் வாயையும்.

"இனி நாத்து கருகாதுடா," என்று அப்பா படுத்தார். விடிந்தால் சிமெண்டு இறுகிவிடும். சொல்லிவிட இரண்டு முறை கட்டில்வரை போனேன். குறட்டை விடுகிறார். ஒரு மாதமாகக் கேட்காத குறட்டை.