சொந்தச் சுவருக்கு ஒரு சுத்தியல்

ஜூன் 6, வெள்ளி
நல்ல வெயில். காற்றே இல்லை. நேற்றுதான் பால் காய்ச்சிக் குடியேறினோம். இன்றைக்கே அடுப்படிக் குழாய் ஒழுகல். கைக்குக் கிடைத்தது இட்லிச் சட்டி தூக்கும் இடுக்கி. அதை வைத்துத் திருகப் போய் கட்டைவிரல் தோல் போயிற்று. இத்தனை வருடம் வாடகை வீடு. எது உடைந்தாலும் ஓனருக்கு ஒரு போன். இப்போது ஓனர் நான். யாருக்குப் போன் போட?

பக்கத்து வீட்டு ஜெய்னம்பு அக்கா ஸ்பேனர் கொடுத்தார். கணவர் துபாயில், அதனால் வீட்டு ரிப்பேர் எல்லாம் அக்கா கைதான். “சாமான் செட்டு இல்லாம எப்படித் தம்பி வீட்ட ஓட்டுவ? மொத அத வாங்கு” என்றார். ஒழுகல் நின்றது. வேர்வை நிற்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
தயாவோடு ராம்நாட்டுக்கு, ஹார்டுவேர் கடை. கடைக்காரர் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே பல் டாக்டர் மேசை மாதிரி வரிசையாக என்னென்னவோ. “இதில பாதி என்னத்துக்கெண்டே தெரியாது. தேவையானதை மட்டும் தாங்கோ” என்றாள் தயா. அவள் மண்டபம் இலங்கை அகதிகள் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இரண்டு வருடம் என்னோடு இருந்தும் பேச்சு மாறவில்லை. மாற வேண்டாம்.

வாங்கியது: சுத்தியல், ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் (இரண்டு), அளக்கும் டேப், குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப், ஆணி.
மறந்தது: மெஷின் ஆயில். கறிவேப்பிலையும்.

சுத்தியலைத் தயா கையில் எடுத்து எடை பார்த்தாள். பிறகு காற்றில் மெல்ல ஒரு அடி. கடைக்காரர் ஒரு எட்டுப் பின்னால் போனார். தேவிபட்டினம் வரும் வரை பஸ்ஸில் பை அவள் மடியில்தான். கீழே வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.

ஜூன் 11, புதன்
லேப்பில் கூட்டம். ஊரெல்லாம் காய்ச்சல். குழந்தைக்குக்கூட வலிக்காமல் ரத்தம் எடுக்கிற கை, ஆணி அடிப்பதை மட்டும் மூன்று நாளாகத் தள்ளிப் போடுகிறது.

சாயங்காலம் கண்ணாடி மாட்டலாம் என்று சுவரில் பென்சிலால் புள்ளி வைத்தேன். தயா வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. எனக்குக் கோபம். பின்னே, வாங்கியது எதற்கு?

துணி மடிக்கும்போது அவளாகவே சொன்னாள். “கேம்ப் வீட்டுச் சுவரில ஆணி அடிக்க அப்பா விட்டதேயில்ல. எங்கட வீடில்ல பிள்ளை, போகேக்க பழுதில்லாமக் குடுக்கோணும் எண்டுவார்.”

அவர்கள் ஊர் திரும்பிப் போகவே இல்லை. அங்கேயே பிறந்தாள், படித்தாள், அங்கிருந்தே கல்யாணமும். இரண்டு வருடமாக அவள் துணிமணி சூட்கேஸில்தான் இருக்கிறது, சர்டிபிகேட் பை கதவுக்குப் பக்கத்தில், எந்நேரமும் கிளம்பத் தயாராக. சுத்தக்காரி என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

புள்ளியை அழித்தேன். லேசாகத் தெரிகிறது.

ஜூன் 14, சனி
மெஷின் ஆயில் வாங்கியாயிற்று. உப்புக்காற்று பொல்லாதது. பிளேயர் அதற்குள் சிவக்கத் தொடங்கிவிட்டது. பழைய கைலியைக் கிழித்து எல்லாவற்றையும் துடைத்து, ரஸ்க் டின்னுக்குள் வைத்தேன். கதவுக் கீல், சன்னல் கொக்கி எல்லாவற்றுக்கும் தயா ஒவ்வொரு சொட்டு விட்டாள். பின்கதவு இனிக் கத்தாது. ஆணிப் பேச்சை நான் எடுக்கவில்லை.

நாளை: கேஸ் புக் பண்ண. அம்மாவுக்கு மாத்திரை அனுப்ப.

ஜூன் 18, புதன்
வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே டொக் டொக். அக்கா வீடு என்று நினைத்தேன். எங்கள் வீடு.

ஸ்டூல் மேல் தயா, கையில் சுத்தியல். தரையில் வளைந்த ஆணிகள். சுவரில் பூச்சு ஒரு துண்டு பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் நேராக நிற்கிறது. தயாவின் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள்.

“பழுதாக்கிப் போட்டன்.”

“நம்ம செவருதான தயா” என்றேன்.

சிரிக்கத்தான் தொடங்கினாள். அது அழுகையில் போய் முடிந்தது. தோளில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். எதையும் மாட்டத் தோன்றவில்லை. இரண்டு பேரும் வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பால் பொங்கிப் போயிற்று.

ஜூன் 22, ஞாயிறு
காலை முதல் மேற்கேயிருந்து கச்சான் காற்று. வாசலெல்லாம் மணல். மாமா, தயாவின் அப்பா, கேம்ப் ஆபீஸில் அனுமதி கேட்டுக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு வந்தார். கருவாடு கொண்டுவந்தார். யார் வீட்டிலும் தங்க மாட்டார், இருட்டும் முன் கிளம்பிவிடுவார். வழக்கம்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பை மடியில்.

பெயர்ந்த பூச்சைப் பார்த்துவிட்டார். எழுந்து போய் விரலால் தடவினார். “ஆர் அடிச்சது?”

“நான்தான் அப்பா.” பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள் தயா.

மாமா விரல் தூசியைத் தட்டிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தார். மீன்குழம்பு இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். தயாதான் சரியாகச் சாப்பிடவில்லை.

கை கழுவி வந்ததும் சாமானெல்லாம் எங்கே என்று கேட்டார். டின்னைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ரம்பம் இல்லையே என்றார், அடுத்த மாதம் என்றேன். டேப்பை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்துச் சன்னல் ஓரம் நிற்கச் சொன்னார். அவர் கதவு வரை இழுத்துக் குனிந்து பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை.

“என்னப்பா அளக்குறீங்கள்?” என்றாள் தயா.

“கட்டில் ஒண்டு தாராளமாப் போடலாம்.”

“ஆருக்கு?”

மாமா நிமிரவில்லை. “எனக்குத்தான். அடுத்த கிழமை கேம்ப்பில கேட்டுக்கொண்டு வந்து நாலு நாள் நிண்டுட்டுப் போறன்.”

தயா என்னைப் பார்த்தாள். டேப்பின் முனையை நான் பிடித்தபடியே நின்றேன். அவர் விடச் சொல்லவில்லை.