பெயர் கேட்காத சோறு

மயூர் விஹார், தில்லி
மார்ச் 22, ஞாயிறு

அன்புள்ள அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் இல்லாமல் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். தமிழில் நாலு பக்கமா என்று முகத்தைச் சுளிக்காதே கண்ணு, எழுத்துக்கூட்டி மெதுவாகப் படி, புரியாத வார்த்தை வந்தால் மாப்பிள்ளையிடம் கேள், அவர் நாமக்கல்லில் படித்தவர். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். ஹோலியன்று நீ கூப்பிட்டு, பிள்ளைகள் சாப்பாடு எப்படிப் போகிறது என்று கேட்டாய். பரீட்சை நேரம், இப்போது யாரும் வருவதில்லை என்றேன். பரீட்சையாவது ஒன்றாவது. பிள்ளைகள் வராமல் போனதற்குக் காரணம் உன் அம்மாதான். அதைச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்றாம் மாடி சாந்தகுமாரி டீச்சரை உனக்கு ஞாபகம் இருக்கும், பக்கத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறவள். பொங்கலன்று வீட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள், திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் மட்டும் பிள்ளைகள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுகிறார்கள், வெள்ளிக்கிழமை அப்படி இல்லை என்று. பள்ளியில் மதியம் வயிறாரப் போடுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு நாளுக்கும் என்ன வழி, தினமும் பள்ளி விட்டதிலிருந்து அம்மா வேலை முடிந்து வருகிற எட்டு மணி வரைக்கும் என்ன வழி? எல்லாம் சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, சாக்கடைக் கால்வாய் ஓரத்து ஜுக்கிக் குடிசைகளில் இருந்துகொண்டு, நம்மைப் போன்றவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களின் பிள்ளைகள். நம் அருக்காணியின் மகள் பொன்னியும் அந்த வகுப்புதான். எட்டு வருஷமாக என் சமையலறையில் நிற்கிறவளின் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்கு வந்தது கோபம், என் மேல்தான். அடுத்த வாரமே ஆறு வீடுகளைச் சேர்த்தேன், முறை வைத்துச் சமைத்தோம், தினமும் நாலரை மணிக்கும் ஞாயிறு மதியமும் நம் சொசைட்டி ஹாலில் சாப்பாடு. இருபத்துமூன்று பிள்ளைகள். சாம்பார் சாதத்தைக் கண்டால் முகம் சுண்டிவிடும், தில்லியில் பிறந்ததுகள், சோற்றோடு ராஜ்மா பயறு, அந்த ராஜ்மா சாவல்தான் வேண்டும். அப்பா ரிட்டயர் ஆன பிறகு கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான காரியம் அந்த ராஜ்மா. ஆறு வாரம் எங்களைப் பிடிக்க ஆளில்லை போ.

அப்புறம்தான் எனக்குள் இருந்த செக்‌ஷன் ஆபீசர் விழித்துக்கொண்டாள். சொசைட்டி செக்ரட்டரி ஸ்ரீவத்ஸன் ஒரு நாள் வந்து, இத்தனை பிள்ளைகள் கேட்டைத் தாண்டி வருகிறார்களே மேடம், யார் யார் என்று நமக்குத் தெரியவேண்டாமா என்றார். தப்பான கேள்வி இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும், எனக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அமைச்சகத்தில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவளுக்குக் கேள்வி என்று வந்தால் கை காகிதத்தைத்தான் தேடும். உட்கார்ந்து ஒரு படிவம் அடித்தேன். பிள்ளை பெயர், அப்பா பெயர், வகுப்பு, ஜுக்கி நம்பர், எந்த வருஷத்திலிருந்து தில்லியில் இருக்கிறீர்கள், ரேஷன் கார்டு நகல் இணைக்கவும், கீழே கையெழுத்துக்குக் கட்டம். என்ன அழகாக வந்திருக்கிறது என்று நானே இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். பசிக்கிற பிள்ளைக்கு எதற்கு அப்ளிகேஷன் என்று அப்பா கேட்டார். உங்களுக்கு நிர்வாகம் தெரியாது, ராஜ்மாவைப் பாருங்கள் என்று அவர் வாயை அடைத்தேன். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமை நாலு பேர் பூர்த்தி செய்து கொண்டுவந்தார்கள். அந்த நாலு பேர் மட்டும்தான் வந்தார்கள். ஞாயிறு ஒருவரும் இல்லை. அப்பா வெந்த ராஜ்மா அண்டாவைப் பார்த்தபடி ஹாலில் நின்றார், வாட்ச்மேன்களுக்குக் கொடுத்துத் தீர்த்தோம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை செய்கிறோம், ஒரு காகிதம் கேட்டால் பொத்துக்கொண்டு வருகிறதா என்று பத்து நாள் முறுக்கிக்கொண்டு இருந்தேன். அருக்காணி தினமும் வந்தாள், பாத்திரம் தேய்த்தாள், போனாள். பொன்னி ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஹோலிக்கு அவளுக்கு வைத்த இனிப்பைக்கூட வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனாள். இந்த மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்த பொன்னி அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். சாந்தகுமாரி தூக்கிக்கொண்டு போய்க் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் கேட்டிருக்கிறாள், கடைசியாகச் சாப்பிட்டது சனிக்கிழமை ராத்திரி. ஞாயிறு முழுக்க டீயும் பிஸ்கட்டும். மறுநாள் சாந்தகுமாரியே வந்து இதை என்னிடம் சொன்னாள்.

புதன்கிழமை அருக்காணி வந்ததும் நேரடியாகக் கேட்டேன், சத்தமாகத்தான் கேட்டேன். பிள்ளையைப் பட்டினி போட்டு யார் மேல் கோபத்தைக் காட்டுகிறாய் என்றேன். அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். போன வருஷம் அவள் தங்கச்சி இருந்த ஜுக்கிக்கும் முதலில் ஒரு காகிதம்தான் வந்ததாம். பேர் என்ன, கதவு நம்பர் என்ன, எத்தனை வருஷமா இருக்கே, கார்டைக் காட்டு, இங்கே கையெழுத்துப் போடு. ஏதோ நல்லது செய்யத்தான் கேட்கிறார்கள் என்று எல்லாரும் போட்டார்களாம். ரெண்டே மாசத்துல புல்டோசர் வந்துச்சும்மா, லிஸ்டுல ஒரு எழுத்து மாறுனவங்களுக்கு மாத்து வீடும் இல்லை, தங்கச்சி இப்போ ஊரைப் பார்த்துப் போயிட்டா, புள்ளைங்க படிப்பும் போச்சு என்றாள். உங்க காகிதத்துல அதே கேள்வி, அதே மாதிரி கட்டம். யாரும் புள்ளைய அனுப்பாதீங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னது நான்தான், எம் புள்ளைய மட்டும் அனுப்பினா நல்லா இருக்குமா என்றாள். என்னை உனக்கு எட்டு வருஷமாகத் தெரியாதா அருக்காணி என்றேன். நீங்க நல்லவங்கதாம்மா, ஆனா அந்தக் காகிதம் உங்க கையை விட்டுப் போனா அப்புறம் யார் கைக்குப் போகும்னு உங்களுக்கே தெரியுமா என்று கேட்டாள். முப்பத்துநாலு வருஷம் ஃபைல் தள்ளியவளைப் பார்த்துக் கேட்டாள் அகல்யா. எனக்குத் தெரியும். எங்கே வேண்டுமானாலும் போகும். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

உன் அம்மா உட்கார்ந்து அழுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கே ஸ்ரீவத்ஸன் வீட்டுக்குப் போனேன். அந்த நாலு படிவங்களையும் நான் அவருக்கு வாட்ஸ்ஆப்பில் வேறு அனுப்பித் தொலைத்திருந்தேன். பக்கத்தில் நின்று அழிக்கச் சொன்னேன். நாளைக்கு ஏதாவது என்றால் யார் பொறுப்பு மேடம் என்று முணுமுணுத்தார், நான்தான் பொறுப்பு, அம்சவேணி, டி பிளாக், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மனுஷன் நல்லவர்தான், அழித்துவிட்டு டீ வேறு கொடுத்தார். போன ஞாயிறு அருக்காணியோடு ஜுக்கிக்குப் போனேன். நாலு வீட்டிலும் படிவத்தை அவரவர் கையிலேயே கொடுத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருத்தி வாங்கின கையோடு அடுப்புத் தீயில் வைத்தாள், டீ கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இனி என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். பெண்கள் கூடிப் பேசிச் சொன்னார்கள், ஹால் வேண்டாம், அங்கே கேட்டிலும் வாட்ச்மேன் நோட்டில் பேர் எழுதச் சொல்கிறான், சாப்பாடு இங்கே வரட்டும், மாரியம்மன் கோயில் பக்கத்தில் தகரக் கொட்டகை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நாங்களே சமைக்கிறோம், அரிசியும் பருப்பும் மட்டும் கொடுங்கள், தினமும் யாராவது ஒருத்தி வேலையை முன்னாடியே முடித்துக்கொண்டு வந்து பரிமாறுவாள், நீங்கள் அல்ல. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அச்சா என்று ஒத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து நாலேகாலுக்கு ஈ-ரிக்‌ஷாவில் இரண்டு அண்டா கிளம்புகிறது, அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறார், பார்த்தால் நீ சிரிப்பாய். பெயர் இல்லை, நம்பர் இல்லை, எத்தனை தட்டு நீள்கிறதோ அத்தனை பிள்ளைகள். நேற்று முப்பத்தாறு தட்டு. பக்கத்துச் சந்திலிருந்து பீகார்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், வரட்டும். மே, ஜூனில் பள்ளி மூடினால் மதியச் சாப்பாடும் இருக்காது, அதற்கும் இப்போதே இன்னும் நாலு வீடுகளைப் பிடித்துவிட்டேன், சமாளித்துவிடுவோம், எனக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம் நீ சொன்னாயே, உன் ஆபீசில் உதவி செய்கிறார்கள், பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் அனுப்பினால் போதும், பெரிய அடுப்பு வாங்கித் தருவார்கள் என்று. நல்ல மனசோடுதான் கேட்டாய். நானும் நல்ல மனசோடுதான் படிவம் அடித்தேன். பெயர் கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல், முடியாது என்றால் விட்டுவிடு, இருக்கிற அடுப்பு போதும்.

இன்று மதியம் அவர்களே சமைத்த முதல் ஞாயிறு. வரச் சொல்லியிருந்தார்கள், போனேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அருக்காணி கரண்டியோடு நடந்துகொண்டிருந்தாள். பொன்னி தட்டைத் துடைத்த மாதிரிக் காலி செய்துவிட்டு, நிமிர்ந்து, எம்மா இன்னும் போடு என்று சத்தமாகக் கேட்டாள். போட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், எம்மா இன்னும் என்றாள். அருக்காணி சிரித்துக்கொண்டே போட்டாள், மூன்றாவது தடவையும் போட்டாள். எங்கள் ஹாலில் ஆறு வாரம் சாப்பிட்டாள் அகல்யா, ஒரு நாள்கூட அந்தப் பிள்ளை இரண்டாம் தடவை கேட்டதில்லை. போதுமா என்று குனிந்து கேட்பேன், போதும் ஆன்ட்டி என்பாள். எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று நான் நாலு பேரிடம் மெச்சியிருக்கிறேன். அவள் அத்தனை நாளும் அரை வயிற்றோடுதான் எழுந்து போயிருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். வைட்டமின் மாத்திரையை மறக்காதே, காலையில் வெறும் காபியோடு ஓடாதே. நான் ஃபோனில் சாப்பிட்டாயா என்று கேட்கிறபோதெல்லாம் ஆச்சும்மா, ஆச்சும்மா என்கிறாய். அம்மாவிடம் அந்தப் பதில் வேண்டாம் கண்ணு. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லு.

இப்படிக்கு
உன் அம்மா
அம்சவேணி செல்வராஜ்