மெஷினைக் குறைத்த நாள்

மச்சான்,

இன்று காலை முந்தலில் உள்ள நம் இறால் பண்ணையில், குளத்துத் தண்ணீருக்குக் காற்றடிக்கும் சக்கரம் ஒன்றைப் பழுதுபார்த்துத் தண்ணீரில் இறக்கினோம். அது சளசளவென்று ஓடத் தொடங்கியதும் உன்னுடைய சுவாச இயந்திரம் ஞாபகம் வந்தது. சத்தத்தில் இரண்டுக்கும் ஒற்றுமையே இல்லை. பிறகு ஏன் வந்தது என்று வேலை முடியும்வரை யோசித்தேன். நீ இருந்தால் ஏதாவது விளக்கம் வைத்திருப்பாய்.

இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்து ஏற்றிய பத்தாம் நாள் உனக்கு நிமோனியா பிடித்தது. டொக்டர் உன் மனைவி பரீதாவையும் என்னையும் வெளியே கூப்பிட்டார். "இந்த நோயோட மெஷினுக்குப் போறவங்கள்ல நிறையப் பேர் திரும்புறதில்ல. திரும்புறவங்களும் இருக்காங்க. போடவா?" பரீதா என் முகத்தைப் பார்த்தாள். "போடுங்க" என்று நான்தான் சொன்னேன். என்ன உரிமையில் சொன்னேன் என்று அடுத்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது.

மெஷின் போட்ட ஆறாம் நாள் தாதி வந்து இயந்திரத்தில் எதையோ குறைத்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். எனக்குத் தெரிந்தது பண்ணை வேலை ஒன்றுதானே. இறால் பிடிக்கிற நாளில்தான் நாம் சக்கரத்தை நிறுத்துவோம். உன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டி, உன் ஊர் கரைத்தீவுக்குப் போன் போட்டேன். ஒரு வேன் நிறைய உன் சொந்தங்கள் அழுதபடி வந்திறங்கினார்கள். வாசலில் நின்று, உயிர் பிரியும் நேரத்தில் ஓதும் யாசீனை ஓதினோம். நான் தாதியோடு சண்டையும் பிடித்தேன்.

"அவரே மூச்செடுக்கத் தொடங்கிட்டார் ஐயா. அதுதான் குறைக்கிறோம்" என்றாள் அவள்.

குழாயைக் கழற்றியதும் கரகரத்த குரலில் நீ கேட்டாய்: "எல்லாரும் ஏன் வந்திருக்கீங்க? யாருக்கு என்ன?" எனக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு கிடைத்த ஒன்பது மாதத்தையும் நீ கேள்வி கேட்டே கழித்தாய். "நான் மட்டும் எப்படித் திரும்பினேன்?" என்று கேட்டுக் கிளினிக்கில் டொக்டரை விடவில்லை. நுரையீரல்தான் சறுக்கியது, இதயமும் சிறுநீரகமும் தாங்கின, நோயும் மருந்துக்குக் கட்டுப்பட்டது என்றார் அவர். முன்பெல்லாம் திரும்பியவர்கள் இன்னும் குறைவாம். மெஷின் எதையும் சுகமாக்காது, மருந்துக்கு நேரம் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான் என்று பண்ணை முழுக்கச் சொல்லித் திரிந்தாய்.

நோய் திரும்பி வந்து, எந்த மருந்துக்கும் அடங்காமல் போய், மறுபடி மூச்சு முட்டியபோதும் "போடுங்க" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"அப்ப மருந்து இருந்திச்சு மச்சான். இப்ப மெஷினைப் போட்டு எதுக்குக் காத்திருக்கிற?"

உன்மேல் வந்த கோபம் உன் ஜனாஸாவை அடக்கம் செய்த பிறகும் எனக்கு அடங்கவில்லை.

போன வாரம் வெளியூரிலிருந்து ஒரு பெண், உன்னை மெஷினில் போட்ட கதையை யாரோ சொல்லக் கேட்டு அழைத்தாள். புருஷனுக்கு உன் நோய்தான். டொக்டர் மெஷின் போடவா என்று கேட்கிறாராம். "என்ன சொல்ற, நானா?" என்று அண்ணனிடம் கேட்பதுபோல் அழுதாள். நான் அவசரப்படவில்லை. "மெஷின்ல இருக்கிற நேரத்துக்குள்ள நோயைப் பிடிக்க மருந்து இருக்கா எண்டு டொக்டர்ட்ட கேளுங்க தங்கச்சி" என்றேன். கேட்டாள். இருக்கிறதாம். போட்டிருக்கிறார்கள்.

நேற்று மறுபடி அழைத்தாள்.

"உங்கட கூட்டாளி தப்பினாரா நானா?"

"ஓம் தங்கச்சி, தப்பினார்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லைதானே, மச்சான்?