வட்டத்தில் என் கடை

சார்,

நேற்று வேங்கிக்காலில் மகன் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரின் மூடியைக் கழற்றியதும் கருகிய வார்னிஷ் வாடை முகத்தில் அடித்தது. அந்த வாடை எனக்கு எப்போதும் இரண்டைச் சேர்த்துக் கொண்டுவரும். ஒன்று, வேலை வந்திருக்கிறது என்ற பழைய சந்தோஷம். இன்னொன்று, நீங்கள்.

நீங்கள் இறந்த சேதி எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு நாம் பழகியவர்கள் என்று யாருக்கும் தெரியாதபடி நான்தானே நடந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். பிளஸ் டூவில் தொழிற்பிரிவு வந்து, நம் ஊர்ப் பள்ளியில் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் வேலையைச் சொல்லித்தர ஆள் தேடினார்கள். ஆறாவதோடு நின்றவன் நான். கருகிய மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன். தலைமையாசிரியர் தயங்கினார். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த இயற்பியல் ஆசிரியர் நீங்கள் எனக்காக நின்றீர்கள். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் நான் மேஸ்திரி. பையன்கள் முன்னால் என்னை 'சார்' என்று கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான். கவனித்தேன். காட்டிக்கொள்ளவில்லை.

முதல் மாதமே நமக்குள் ஒத்துவரவில்லை. பிரி, சுற்றை எண்ணு, கம்பியைச் சுற்று, வார்னிஷ் ஊற்று, காயவை. இதுதான் என் பாடம். நீங்களோ பையன்களைப் பஸ் ஏற்றிக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு மாணவனின் நிலத்துக்குக் கூட்டிப்போனீர்கள். கிணற்று மேட்டில் நிறுத்தி, "இந்த மோட்டார் எங்க முடியுது?" என்று கேட்டீர்கள். ஒருவன் ஷாஃப்டில் என்றான். ஒருவன் தண்ணீர் கொட்டும் குழாய் வாயில் என்றான். அந்த நிலத்துப் பையன், "எங்கப்பா கோவத்துல முடியுது சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"சரியாத்தான் சொல்றான். அப்பா ஏன் கோவப்படறாரு? அங்கேருந்து பின்னால வா."

எந்த இடத்தில் தொடங்கினாலும் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து சேரும்வரை விடமாட்டீர்கள். ஒரு உறுப்பைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் தெரியும் என்பீர்கள். கம்பி சுற்றத் தெரியாதவனுக்கு ஊர் சுற்றத் தெரிந்து என்ன லாபம் என்று நான் கிண்டல் செய்தேன். அதற்கு மட்டும் சிரித்தீர்கள்.

அப்பாவின் கோபத்துக்குக் காரணம், கோடை வந்தால் மோட்டார் கருகிவிடும். பையன்கள் அந்தக் கரண்ட் லைனில் இருந்த ஒவ்வொரு கிணற்றுக்கும் போய்க் கேட்டு எழுதினார்கள். பிறகு கரும்பலகையில் அம்புக்குறிகளால் ஒரு வட்டம் போட்டார்கள். வோல்டேஜ் கம்மி, அதனால் மோட்டார் கருகுகிறது. கருகியது ரீவைண்டிங் கடைக்குப் போகிறது. கம்மி வோல்டேஜிலும் ஓடட்டும் என்று அங்கே கம்பிச் சுற்றைக் குறைத்துக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிய மோட்டார் கரண்டை ஜாஸ்தி இழுக்கிறது. லைனில் வோல்டேஜ் இன்னும் இறங்குகிறது. அடுத்த கிணற்று மோட்டார் கருகுகிறது. அதுவும் கடைக்கு வருகிறது.

கடை என்று எழுத வேண்டிய இடத்தில் என் கடையின் பெயர் இருந்தது.

சுற்றைக் குறைத்துக் கட்டுவது நான் எந்தப் புத்தகமும் பார்க்காமல் கண்டுபிடித்த வித்தை. அதற்காகவே செங்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அதைச் சாக்பீஸால் வியாதி மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். "நான் என்ன திருடனா?" என்று கேட்டுவிட்டு வெளியேறினேன். சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள். அது தெரிந்தேதான் போனேன்.

மூன்றாம் நாள் அந்தி நேரத்தில் கடைக்கு வந்தீர்கள். உங்களுடையது ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். என் கடையில் நின்றால் மறுநாள் காலை வரை உங்களுக்குச் சாப்பாடு இல்லை என்று எனக்குத் தெரியும். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"யாரையும் குத்தம் சொல்ற படம் இல்லீங்க சார் அது. நீங்க நல்லாத்தான் கட்டறீங்க. அந்த விவசாயியும் நல்லதுக்குத்தான் கேக்கறாரு. ஒவ்வொண்ணும் சரி. சேந்தாத்தான் கெடுது."

"கடைப் பேர அழிங்க. அப்பதான் வருவேன்."

"சரிங்க சார்" என்றீர்கள்.

திங்கட்கிழமை போனேன். பலகையில் வட்டம் இருந்தது. பெயரோடு, அந்த இடத்துக்கு வரும் அம்பையும் போகும் அம்பையும் துடைத்திருந்தீர்கள். கை அகலத்துக்கு வெறும் கறுப்பு. கீழ்பென்னாத்தூர்ப் பையன் எழுந்து, "சார், அழிச்ச எடத்துல இப்ப என்ன எழுதறது? வட்டம் கூடலையே" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எனக்கு வழி விட்டு நின்றீர்கள், அவ்வளவுதான். என் கடைதான்டா, எழுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது. நோட்ட எடு" என்றேன்.

அதன் பிறகு நீங்கள் வட்டம் போடவில்லை. பையன்களைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போகவும் இல்லை. இரண்டு வருடத்தில் போளூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனீர்கள். அந்த வகுப்பு முழுக்க என் வகுப்பானது. நான் கேட்டது அதைத்தான்.

அந்தப் பையன்களில் பலர் கடை வைத்தார்கள். கம்மி வோல்டேஜிலும் ஓடும் என்று போர்டு மாட்டினார்கள். நான் சொல்லித்தந்ததைச் சுத்தமாகச் செய்தார்கள். ஒருவன் நாலு சுற்றுக் குறைத்தால் பக்கத்துக் கடைக்காரன் ஆறு குறைத்தான். நானாவது நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். கண் மங்கும்வரை நிறுத்தவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை சார். உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. ஏன் அழித்தீர்கள்? நான் கத்தியிருப்பேன். ஒரு மாதம் வராமல் இருந்திருப்பேன். அந்தப் பிரிவே மூடியும் போயிருக்கலாம். ஆனாலும் அந்தப் பையன்கள் முழு வட்டத்தையும் மனசில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். என் ரோஷத்தைவிட அது பெரியது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் என் முகம் வாடக் கூடாது என்று துடைத்தீர்கள். வேறு யாரும் எனக்காக அவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை. அந்தப் பாரத்தை இறக்கிவைக்க எனக்கு இதுவரை ஓர் இடம் கிடைக்கவில்லை.