பத்தில் ஒன்று

மாமு,

இன்று காலையிலிருந்து என் மூக்குக் கண்ணாடியில் ஒரு கொடுவா மீனின் செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வழியே பார்த்தால் சுவர்க் காலண்டர், மின்விசிறி, கண்ணாடியில் என் மூஞ்சி எல்லாமே கடலுக்கடியில் கிடக்கின்றன. துடைக்க மனம் வரவில்லை. அது எப்படி ஒட்டியது என்பதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

காசிமேட்டில் நீயும், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவியும் மீன் பரப்பி உட்கார்ந்த இடத்தில் ஞாயிறுதோறும் சம்பளமில்லாத மந்திரியாக நின்றவன் நான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் கைக்கு ஓய்வு வந்ததும் வாய்க்கு வேலை கொடுத்தவன் நீ. நான் கூவினால் திருவொற்றியூரில் தொட்டில் குழந்தைகள் எழுந்து உட்காரும். "வாம்மா வா! இந்தக் கொடுவாவுக்குத் தலை மட்டும்தான் இங்க கீது, வாலு இப்பதான் எண்ணூரைத் தாண்டிகினு கீது!"

கூட்டம் நின்று சிரிக்கும். நீ தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வாய்: "அவன் சொல்றத பத்தால வகுத்துக்கோம்மா. நேத்து புடிச்ச மீனு. நல்லா கீது." சிரித்தது என் பேச்சுக்கு, வாங்கியது உன் பேச்சுக்கு.

அன்றைக்கு அவளை மீனோடு விட்டுவிட்டு நாம் இருவரும் ஐஸ் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். சட்டை முழுக்க வியர்வை. ஷேர் ஆட்டோவில் உன்னை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "வீட்டுக்காரங்கள உடனே வரச் சொல்லுங்க" என்றார். புரிந்தது. அவள் பதறிவிடுவாளே என்றபடி போனை எடுத்தேன். ஆயுசு முழுக்க நெத்திலியைத் திமிங்கலமாக்கிய நாக்கு, அன்றைக்குத் திமிங்கலத்தை நெத்திலியாக்கியது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. லேசா மயக்கம். மெதுவா வா."

"நீயே லேசுன்றியா? அப்ப ஒண்ணுமே இருக்காது" என்று சிரித்தாள். அவளும் பத்தால் வகுத்தாள், மாமு. பரப்பிய மீனை விற்று முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அதற்குள் நீ இரண்டு முறை கேட்டாய், "வந்துட்டாளா?" என்று. இரண்டு முறையும் "வாசலாண்ட வந்துட்டா" என்றேன். அதை வகுத்தாயா, அப்படியே நம்பினாயா, தெரியவில்லை. வாசலைப் பார்த்தபடியே போய்விட்டாய். அவள் வந்தபோது கையில் குழம்புக்கென்று உனக்கு எடுத்துவைத்த சங்கரா. பையிலிருந்து ஐஸ் தண்ணீர் ஆஸ்பத்திரித் தரையெல்லாம் சொட்டியது.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் போகிறேன். நிற்கிறேன். கூவுவதில்லை. இன்று அவள் கொடுவாவுக்குச் செதில் சுரண்டிக்கொண்டே, "இன்னாண்ணே, இன்னும் எத்தினி நாளைக்கு வாய்க்குப் பூட்டு?" என்றாள்.

சொல்லிவிட்டேன். "டாக்டரு அன்னிக்கு உன்ன உடனே வரச் சொன்னாரு தங்கச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் மெதுவா வான்னேன்."

அவள் கை நிற்கவில்லை. இன்னும் வேகமாகச் சுரண்டினாள். செதில் என் மேலெல்லாம் தெறித்தது. திட்டுவாள் என்று நின்றேன். ஒரு அம்மா வந்து விலை கேட்டு, பதில் வராமல் போனாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"கூவுண்ணே. மீனு கெட்டுப் போவுது."

வாயைத் திறந்தேன். வால் வரவில்லை, எண்ணூர் வரவில்லை.

"நேத்து புடிச்ச மீனு. நல்லா கீது."

பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்டிருக்காது. உன் பேச்சில் எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான், மாமு. அதில் வகுக்க எதுவுமில்லை.