மூலைக் குழியில் கிடந்த அட்டிகை

திருப்பரங்குன்றம்,
புரட்டாசி 14, புதன்கிழமை.

அன்பு மகள் சரண்யாதேவிக்கு,

உன் அப்பா முத்திருளன் தன் கையாலேயே எழுதும் கடிதம் இது. வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே நான் நலம். முட்டி வலி மட்டும் எப்போதும்போலக் கூடவே இருக்கிறது. நீயும் ராமக்காள் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டிகை கிடைத்துவிட்டது. எடுத்தவனும் அகப்பட்டுவிட்டான். நீ எடுக்கவில்லை என்று பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்த வரியை எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர், "என்னண்ணே, மூஞ்சி இப்படிச் சிரிக்குது?" என்றார். மகளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். "நீங்களா?" என்றார். "நானேதான்" என்றேன். அந்த டீக்கு அவர் காசு வாங்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுப்பதில்லை. ஜாமீன் கொடுத்த கோர்ட்டு உன்னைத் திருநெல்வேலியில் தங்கி, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னதில் இருந்து நானும் அடித்துப் பார்க்கிறேன். சித்திதான் எடுக்கிறாள். "அவ கோயிலுக்குப் போயிருக்கா மச்சான்" என்கிறாள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை கோயிலுக்குப் போவாள்? சித்தியைத் திட்டாதே. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு வருகிறது. மாலை வகுப்பு டீச்சர் மைத்ரேயி அம்மா, "தாத்தா, நடந்ததை நடந்த மாதிரியே எழுதுங்க, அது போதும்" என்று சொல்லியிருக்கிறார்.

அட்சய திருதியை அன்று நீ வேலை பார்க்கும் நகைக்கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். உன் கவுண்டரில் இருந்த தட்டில் வைர அட்டிகையும் ஒரு ஜோடித் தோடும் காணாமல் போயின. வேலை முடிந்து போகும் எல்லாரையும் சோதித்துத்தான் அனுப்பினார்கள். யாரிடமும் இல்லை. தட்டு உன் பொறுப்பு என்பதால் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் கிரிதர்தான் முன்னால் நின்று, "இந்தப் பொண்ணு அடிக்கடி பின்பக்கம் போனதைப் பார்த்தேன்" என்று சொன்னவர். அன்று மத்தியானம் பெய்த கோடை மழை உனக்கு நினைவிருக்கும். அந்த மழையைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

மறுநாள் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மகள் கடையில் இருந்து வீட்டுக்கு என்ன கொண்டு வரும் என்று கேட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கு கொண்டு வரும் என்றேன். வேறென்ன சொல்வேன்? ஒரு தாளை நீட்டி, "இங்கன பெருவிரல வை பெருசு" என்றார்கள். வைத்தேன். அந்தத் தாளை அரசு வக்கீல் கோர்ட்டில் வாசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மகள் அவ்வப்போது தூக்குச் சட்டியில் பொட்டலம் கொண்டு வந்து என்னிடம் பத்திரப்படுத்தச் சொல்வாள் என்று நான் சொன்னதாக அதில் இருந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். வெளியே வரும்போது, "நீங்களுமாப்பா?" என்று மட்டும் கேட்டாய்.

அடுத்த திங்கட்கிழமையே வகுப்பில் சேர்ந்துவிட்டேன். மாநகராட்சிப் பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முட்டி மேசையில் இடிக்கும். எங்களில் நான்தான் வயதில் மூத்தவன். ஆனால் பெயர் எழுதக் கற்றதில் இரண்டாவதாக வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். உன்னைப் போலீஸ் அழைத்துப் போன அன்று சாயங்காலம் உன் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்தேன். ரசம் ஊற்றிய சோறு கொஞ்சம் மீந்திருந்தது. ஏன் திறந்தேன் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

இன்று வியாழக்கிழமை. நேற்று அதோடு நிறுத்திவிட்டேன்.

நான் செய்யும் வேலை உனக்குப் பிடிக்காது. நாற்பது வருஷமாக நகைக்கடை வீதியில் குப்பை கூட்டி, சாக்கடை மண்ணை அள்ளி, சட்டியில் அலசிப் பொன்துகள் எடுக்கிறேன். ஆனால் மகளே, உன்னைக் காப்பாற்றியது அந்த வேலைதான்.

ஆவணி கடைசியில் இரண்டு பேர் உங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மண் அலச வந்தார்கள். கையில் ரப்பர் உறை. எங்களில் யாரும் உறை போட மாட்டோம். விரல் தொட்டால்தான் பொன் தெரியும். அதோடு, புதிதாக ஒருவன் வந்தால் அந்த இடத்துக்காரனிடம் கேட்டுவிட்டுத்தான் சட்டியை இறக்குவான். இவர்கள் கேட்கவில்லை. சரி, தெரியாத பிள்ளைகள் என்று விட்டேன். பிறகு பார்த்தால், அடியில் தங்கும் கறுப்பு மண்ணைக் கொட்டிவிட்டுக் கல்லையும் கட்டியையும் புரட்டிப் பார்க்கிறார்கள். பொன் அந்தக் கறுப்பு மண்ணில்தான் இருக்கும். அதைக் கொட்டுகிறவன் பொன்துகள் தேடுகிறவன் இல்லை. பெரியதாக ஏதோ தேடுகிறான்.

இரண்டு நாள் பக்கத்திலேயே குனிந்து வேலை பார்த்தேன். சாக்கடைக்குள் கை விட்டிருப்பவனுக்குக் காது உண்டு என்று யாருக்கும் தோன்றாது. அவர்களில் சூரியபிரகாஷ் என்பவன் போனில், "கிரிதர் மாமா, கை கழுவுற தொட்டிக் குழாய்ல இருந்து இம்புட்டு தூரம் பாத்துட்டோம். இல்ல மாமா. அன்னைக்குப் பேஞ்ச மழை எங்கிட்டு இழுத்துட்டுப் போச்சோ" என்றான். நான் தலை நிமிராமல் சட்டியை அலசிக்கொண்டே இருந்தேன்.

புரிகிறதா சரண்யா? பிடித்த பிறகு அவர்களே வாயால் சொன்னதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். வாசலில் சோதனை இருப்பதால் கிரிதர் நகையைக் கறுப்பு டேப் சுற்றிப் பொட்டலமாக்கி, ஊழியர்கள் கை கழுவும் தொட்டியின் ஓட்டையில் போட்டுவிட்டார். அந்தக் குழாய் நேரே சந்துச் சாக்கடையில் விழும். அங்கே சூரியபிரகாஷ் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. பழைய கறுப்பு வெள்ளைச் சினிமாவில் திருடர்கள் வகுக்கும் திட்டம் போல எல்லாம் கச்சிதம். ஆனால் அந்த நேரத்தில் மழை கொட்டியது. சாக்கடை நிரம்பி ஓடியது. பொட்டலம் இவன் கைக்கு வரவே இல்லை. மாமன் மருமகனைச் சந்தேகப்பட்டு, மருமகன் மாமனைச் சந்தேகப்பட்டு, ஐந்து மாதமாக ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில்தான் சாக்கடையில் தேட இறங்கியிருக்கிறார்கள்.

கனமான பொருளைத் தண்ணீர் அதிக தூரம் கொண்டு போகாது. சந்து முடியும் மூலையில் சாக்கடை ஒரு படி இறங்குகிறது. படிக்குக் கீழே, கல்லுக்கு அடியில் ஒரு குழி. மேலே இருந்து வரும் எந்தக் கனமும் அங்கேதான் போய்ப் படுக்கும். அந்தக் குழி என்னுடையது இல்லை, அழகுமலையுடையது. அவர் சித்திரையில் கால் ஒடிந்து வாடிப்பட்டியில் மகன் வீட்டில் கிடக்கிறார். இடத்துக்காரன் படுத்துவிட்டால் அவன் திரும்பி வரும்வரை அவன் மண்ணில் யாரும் கை வைக்க மாட்டோம். அதனால்தான் ஐந்து மாதமாக அங்கே ஒரு சட்டிகூட இறங்கவில்லை.

எனக்கும் அதே கட்டுப்பாடுதானே? பஸ் பிடித்து வாடிப்பட்டிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அழகுமலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏன் மாப்ள, இதுக்கா இம்புட்டு தூரம் வந்த? எடுத்துருக்க வேண்டியதுதான?" என்றார். கேட்காமல் எப்படித் தொடுவது என்றேன். "போ. குழி இனி உன்னுது. புள்ளைய மீட்டுட்டு வந்து திருப்பிக் குடு" என்றார்.

மறுநாள் காலையில் குழியில் தோள் வரைக்கும் கை விட்டேன். டேப் சுற்றிய பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. ஒரு ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே ஒரு கல் மின்னியது. வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. வெளியே எடுத்தால் என்ன சொல்வார்கள்? மகள் எடுத்துக் கொடுத்தாள், அப்பன் ஒளித்து வைத்திருந்தான் என்பார்கள். அதற்கு ஏற்கெனவே என் பெருவிரல் வைத்த தாள் இருக்கிறது. பொட்டலத்தைக் குழியிலேயே திரும்பப் புதைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று முழுக்க உட்கார்ந்து மனு எழுதினேன். டீச்சர், "நான் எழுதித் தரட்டுமா தாத்தா?" என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு பக்கம் வந்தது. ஸ்டேஷனில் வாசலில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு எழுதிக் குடுத்தா பெருசு?" என்றார். "நான்தான்யா." "சரி, அடியில ரேகை வையி" என்று மை டப்பாவைத் தள்ளினார். நான் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தேன். மு, த், தி என்று நிதானமாக எழுதினேன். அவர் காத்திருந்தார். காத்திருக்கட்டும், நானும் அறுபத்தெட்டு வருஷம் காத்திருந்தவன்தான்.

புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் சின்னத்தாய் அம்மா மனுவை இரண்டு தடவை வாசித்தார். உட்காரச் சொன்னார். அன்றே சாதாரண உடையில் போலீஸ்காரர்களை அனுப்பிக் குழியைப் படம் எடுத்துக்கொண்டார். "பொட்டலம் அங்கேயே இருக்கட்டும். அதை எடுக்க வருகிற ஆள்தான் எனக்கு வேண்டும்" என்றார். வர வைப்பது என் பொறுப்பு என்றேன்.

சனிக்கிழமை அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு அலுத்துக்கொண்டேன். "தம்பிகளா, திங்கக்கிழமை கார்ப்பரேசன் லாரி வருதாம். மூலைக் குழியில இருக்குற மண்ணு அம்புட்டையும் உறிஞ்சிட்டுப் போயிருவாக. பாவம் அழகுமலை. அஞ்சு மாசமா யாரும் அதுல கை வைக்கல." சூரியபிரகாஷ் என்னைப் பார்க்கவே இல்லை. அவன் காது மட்டும் என்னிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்துவிட்டார்கள். கடைகள் அடைத்திருந்தன. மூன்றாவது ஆளாகக் கிரிதரும் வந்திருந்தார். மருமகன் கையில் நகையை விட அவருக்கு மனம் வரவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சாக்கடைக் கல்லில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். எதிர்க்கடைப் படியில் இரண்டு பேர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். நான் சட்டியோடு பக்கத்தில் போய் நின்றேன். அவர் அள்ளி அள்ளிக் கறுப்பு மண்ணை வெளியே வீசினார். என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், மண்ணை ஏன் கொட்டுறீக? பொன்னு அதுலதான இருக்கு" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். சரண்யாவின் அப்பா என்று தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கையில் பொட்டலம் வந்திருந்தது. மருமகன் பிடுங்கப் பார்த்தான். இருவரும் இழுத்ததில் டேப் கிழிந்து அட்டிகையும் தோடும் கல்லின் மேல் விழுந்தன. முறுக்கு தின்றவர்கள் எழுந்து வந்தார்கள்.

ஐந்து மாதம் சாக்கடையில் கிடந்த வைரம், ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதும் வெயிலில் அப்படி ஜொலித்தது. நான் அதைப் பார்க்கவில்லை. விலங்கு மாட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் முதலாளி பிச்சுமணி ஐயா வீடு தேடி வந்தார். உன்னை மறுபடியும் வேலைக்கு வரச் சொன்னார். அது அவள் இஷ்டம், அவளிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

நேற்று கோர்ட்டில் உன் மேல் இருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். இனிமேல் ஸ்டேஷனில் கையெழுத்து வேண்டாம். நம் வக்கீல் கொடுத்த உத்தரவு நகலை நானே வாசித்தேன். அரை நாள் ஆனது. உன் பெயர் வரும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் திருநெல்வேலிக்கு வருகிறேன். போவதற்கு ஒரு டிக்கெட்டும், திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்திருக்கிறேன். படிவத்தை நானே நிரப்பினேன். உன் வயது முப்பத்திரண்டு என்று போட்டேன். சரிதானா என்று தெரியவில்லை. உன் அம்மா உயிரோடு இருந்தவரை இதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். தப்பாக இருந்தால் வந்ததும் சொல், இனி மறக்க மாட்டேன். உனக்கு ஜன்னல் ஓரம் கேட்டிருக்கிறேன். வர மனம் இல்லையென்றால் பரவாயில்லை. பக்கத்து இருக்கையைக் காலியாகவே வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். அடுத்த சனிக்கிழமையும் இரண்டு டிக்கெட்டோடுதான் வருவேன்.

நீ நிமிர்ந்து நடந்து, நன்றாக வாழ வேண்டும், தாயே.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
முத்திருளன்