கூரையில்லாத சுவர்கள்

நுஸ்ஹாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். நேற்று கற்பிட்டிக் கோட்டையில் உங்கள் கொழும்புச் சினேகிதர்களை நீங்கள் கமராவில் படம் எடுத்து முடியும்வரை மழையில் நின்றதில் எனக்கு இன்னும் தும்மல் நிற்கவில்லை.

கடல் தாண்டி வந்த ஒல்லாந்தர் முன்னூறு வருஷத்துக்கு முன் கட்டிய, கூரை விழுந்த சுவரைத் தடவித் தடவி என்னவொரு உருக்கம் உங்களுக்கு! "பாவம், எப்பிடி வாழ்ந்த இடம்" என்று கண்ணையும் துடைத்தீர்கள். மழைத் தண்ணீராகத்தான் இருக்கும்.

தொண்ணூறில் சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் என்று எங்களைத் துரத்திய பிறகு கூரை போன எங்கள் மன்னார் வீட்டை ஒருதரம் வந்து பாருங்கள் என்று கலியாணமான நாளிலிருந்து கேட்கிறேன். "கல்லுக் குவியல்ல என்ன இரிக்கி, வித்துப் போடு" என்பீர்கள். அந்தச் சுவர் ஒல்லாந்தர் கட்டியதில்லையே, என் வாப்பா கட்டியதுதானே.

நானும் பிள்ளையும் காலை பஸ்ஸில் இங்கே வந்துவிட்டோம். சமையலறையில் மழை பெய்கிறது.

வருவதென்றால் கமரா வேண்டாம். தகரம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
இந்தக் கல்லுக் குவியலின் சொந்தக்காரி